பேசிய கூலியும் நியாயமான கூலியும்



மழைக்காலம் நெருங்கி வருகிறது. ஒழுகுகிற ஓட்டை மாற்றவும், ஊறிப்போன சுவரைக் கொத்திப் பூசவும், தளத்து விரிசலை அடைக்கவும் கொத்தனாரைத் தேடாத குடும்பம் இந்த நாட்களில் அபூர்வம். பூசை முடிந்து கோயில் வாசலில் நீங்கள் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. "அவன் அறுபது கேட்டான், பேசிப் பேசி நாற்பத்தைந்துக்கு முடித்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்கிறார், பக்கத்தில் நிற்பவர் அவருடைய சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்கிறார். பத்தடி தள்ளி, நம் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர் தம் சைக்கிளை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சு அவர் காதிலும் விழுந்திருக்கும்.

சென்ற வாரம் ஒரு குடும்பத் தாய் என்னிடம் வந்து, "சாமி, வீட்டு வேலைக்கு ஆள் பேசும்போது கூலியைக் குறைத்துக் கேட்பது பாவமா?" என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. "பங்குத் தாளில் எழுதுகிறேன், அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். காரணம் இதுதான்: அந்தக் கேள்விக்கு நானே ஒருமுறை தவறான பதில் சொல்லியிருக்கிறேன், வாயினால் அல்ல, செய்கையினால். ஆகவே அதை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுவதே முறை. இதில் வருகிற மேஸ்திரியின் சம்மதத்தைப் பெற்றே எழுதுகிறேன். அவர் இந்தப் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். பெயரைத் தேட வேண்டாம்.

2023-ம் வருஷம், முன்பு நான் இருந்த பங்கில், அறைவீட்டின் வடக்குச் சுவர் பழுதாகியிருந்தது. 40 அடி நீளம், 12 அடி உயரம். ஆக 480 சதுர அடி. வருஷா வருஷம் ஐப்பசி மழையை அந்தச் சுவர்தான் முகத்தில் வாங்கும். பூச்சு பொரிந்து, கையால் தொட்டால் உதிர்ந்தது. மூன்று பேரை அழைத்து மதிப்புக் கேட்டேன். ஒருவர் 52,000 ரூபாய் என்றார். மற்றொருவர் 47,000 என்றார். மூன்றாமவர் எங்கள் பங்கு மேஸ்திரி, ஐம்பது வயதைத் தாண்டியவர், 45,000 என்றார். நான் அவரை உட்கார வைத்து, "கோயில் வேலை, மேஸ்திரி, உங்களுக்குப் புண்ணியம். பங்கில் பணம் இல்லை. 34,000 தருகிறேன்" என்றேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, சாமி" என்று எழுந்தார். அந்த வாரத்தில் அவருடைய மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் இருந்தது. அது எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பங்கு ஆலோசனைச் சபையில் நான் பெருமையாகச் சொன்னேன்: "45,000 ரூபாய் வேலையை 34,000-க்கு முடித்திருக்கிறேன்." எல்லாரும் மகிழ்ந்தார்கள். ஆவணியில் பூச்சு வேலை முடிந்தது. புரட்டாசியில் வர்ணம் அடித்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. கார்த்திகை பிறக்குமுன் சுவர் உப்பிற்று. மேஸ்திரியை அழைத்தேன். அவர் வந்து, கரண்டிக் காம்பினால் சுவரைத் தட்டினார். பொள்ளென்று சத்தம் கேட்டது. நான் கோபத்தோடு, "இதுதானா நீங்கள் செய்கிற வேலை? கோயிலையே ஏமாற்றலாமா?" என்றேன்.

அவர் பதில் பேசவில்லை. மறுநாள் மாலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "சாமி, கணக்கைப் பாருங்க. பிறகு என்னை ஏசுங்க" என்றார். அந்தக் கணக்கை உங்களுக்கும் தருகிறேன். வீடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் அறிய வேண்டிய கணக்கு அது.

சிமெண்ட் 7 மூட்டை, மூட்டை 400 வீதம் 2,800. பூச்சு மணல் 2,700. சாரம் கட்ட வாடகை 3,000. பழைய பூச்சைக் கொத்தி எடுக்க 2 ஆள் 2 நாள், ஆளுக்கு 900 வீதம் 3,600. கொத்தனார் கூலி, 1,100 வீதம் 6 ஆளுக்கு 6,600. சித்தாள் கூலி, 700 வீதம் 10 ஆளுக்கு 7,000. வர்ணம், பொருளும் கூலியுமாக 12,000. மொத்தம் 37,700 ரூபாய். அவர் கேட்ட 45,000-ல் அவருக்கு மிஞ்சக் கூடியது 7,300. அந்தத் தொகையில்தான் அவர் அலைந்ததும், மேற்பார்த்ததும், கருவிகளின் தேய்மானமும், வேலையில்லாத மழை நாட்களும் அடங்க வேண்டும். நான் கொடுத்ததோ 34,000. அதாவது, முறையாகச் செய்தால் ஆகிற செலவுக்கே 3,700 ரூபாய் குறைவு. அவருக்கென்று ஒரு காசும் இல்லை.

அப்படியானால் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பழைய பூச்சைக் கொத்தாமல் அதன் மேலேயே பூசினார், 3,600 மிஞ்சிற்று. 7 மூட்டை சிமெண்ட் போட வேண்டிய இடத்தில் 4 மூட்டை போட்டார், 1,200 மிஞ்சிற்று. இரண்டு சித்தாட்களுக்குக் கடைசி இரண்டு நாள் கூலியை, "பிறகு தருகிறேன்" என்று நிறுத்திவைத்தார், 2,800 மிஞ்சிற்று. இவ்வளவும் செய்து அவர் கையில் நின்றது 3,900 ரூபாய். பிடிப்பில்லாத பழைய பூச்சின் மேல் புதிய பூச்சு ஒட்டாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே செய்தார். புதிய பூச்சை 7 நாளாவது தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். அந்த வேலையை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாளே மறந்துவிட்டேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தச் சுவர் விஷயத்தில் தவறு செய்தவர் யார்?

"அவர்தானே 34,000-க்குச் சம்மதித்தார்? சம்மதித்த பிறகு அநியாயம் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இது நம்மில் மிகப் பலர் நம்பியிருக்கும் நியாயம்: இருவர் மனமொத்துப் பேசி முடித்தால் அது நியாயமான விலை, அதற்கு மேல் கேள்வி இல்லை. இந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. சம்மதம் இல்லாமல் ஒப்பந்தம் இல்லை. ஆனால் சம்மதம் ஒப்பந்தத்தை உண்டாக்குமே தவிர, நியாயத்தை உண்டாக்கிவிடாது. வெள்ளத்தில் தவிப்பவனிடம், "உன் நிலத்தை எழுதிக் கொடு, கயிறு போடுகிறேன்" என்று கேட்டால் அவன் சம்மதிப்பான். அந்தச் சம்மதத்தை நாம் யாரும் நியாயம் என்று சொல்ல மாட்டோம். வேறு வழியில்லாதவனுடைய "சரி" என்ற சொல்லுக்கும், வேண்டாமென்று எழுந்து போகக் கூடியவனுடைய "சரி" என்ற சொல்லுக்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு.

இதையே 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ம் வருஷம் மே மாதம் 15-ம் தேதி தொழிலாளரின் நிலைமை பற்றி எழுதிய நிருபத்தில் எடுத்துரைத்தார். முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் கூலியைப் பேசிக்கொள்ளலாம்; ஆனால் அந்தப் பேச்சுக்கு மேற்பட்ட இயற்கை நீதி ஒன்று உண்டு; சிக்கனமாயும் ஒழுங்காயும் வாழும் தொழிலாளி பிழைக்கப் போதாத கூலியைத் தேவையின் நெருக்கத்தினால் ஒருவன் ஏற்றுக்கொண்டால், அவன் பலவந்தத்துக்கு ஆளானவனே என்பது அவர் கருத்து. மேஸ்திரியின் கழுத்தில் நான் கத்தி வைக்கவில்லை. கல்லூரிக் கட்டணத்தின் கடைசித் தேதி எனக்காக அந்த வேலையைச் செய்தது.

"அப்படியானால் விலை பேசுவதே பாவமா, சாமி? சந்தையில் கத்தரிக்காய்க்குக் கூடப் பேசுகிறோமே?" என்று கேட்பீர்கள். விலை பேசுவது பாவமல்ல. நியாய விலை என்பது தராசில் நிறுத்தாற்போல் ஒரு காசும் கூடாமல் குறையாமல் நிற்பது அல்ல, அது ஒருவகை மதிப்பீடு. ஆதலால் சிறிது ஏறினாலும் இறங்கினாலும் நீதி கெட்டுப்போகாது என்று அர்ச். தோமாஸ் அக்வீனாரே சொல்லியிருக்கிறார். 47,000 என்றும் 45,000 என்றும் இருவர் சொன்னதைப் பாருங்கள். நியாயம் அந்த எல்லைக்குள் எங்கோ இருக்கிறது. அதற்குள் பேசுவது விலையைக் கண்டுபிடிக்கும் வழி, இருவருக்கும் நல்லது. அந்த எல்லையைத் தாண்டிக் கீழே இழுத்தால், அது விலையைக் கண்டுபிடிப்பது ஆகாது. எதிரே இருப்பவனுடைய பலவீனத்தைக் கண்டுபிடிப்பது.

அதே வேதசாஸ்திரி இன்னொரு நுட்பமான காரியமும் சொல்கிறார். வாங்குபவனுக்கு ஒரு பொருள் மிக அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதற்காக விற்பவன் விலையை ஏற்றலாகாது. ஏனெனில் அந்தத் தேவை வாங்குபவனுக்கு உரியது, தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் எப்படி விற்க முடியும் என்று கேட்கிறார். இதைத் திருப்பிப் பாருங்கள். மேஸ்திரியின் பணமுடை அவருக்கு உரியது. அதை நான் என் லாபமாக மாற்றிக்கொண்டேன். என் சுவருக்கும் அவர் மகளின் படிப்புக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் என் சுவரின் விலையை அந்தப் படிப்புத்தான் இறக்கிற்று.

இன்னொரு தவறும் நான் செய்தேன். "கோயில் வேலை, புண்ணியம்" என்றேன். தர்மம் என்பது மனதார இடுவது. கேட்டு வாங்குகிற தள்ளுபடிக்குப் புண்ணியம் என்று பேர் சூட்டுவது, நீதியால் கொடுக்க வேண்டிய கடனைப் பிறர் சிநேகத்தின் பேரால் அபகரிப்பது ஆகும். கோயிலுக்கு அவர் கொடுக்க விரும்பினால், முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டு, தமக்கு இஷ்டமானதை உண்டியலில் போடட்டும். அப்போதுதான் அது காணிக்கை. உங்கள் வீடுகளிலும் இதே பேச்சு வேறு உருவில் நடக்கிறது. "நம்ம ஆள்தானே", "சொந்தக்காரன்தானே", "ஒரே பங்குதானே" என்று சொல்லிக் குறைக்கிறோம். நம்ம ஆள் என்றால் கூடக் கொடுக்க அல்லவோ வேண்டும்?

இனி மேஸ்திரியின் பக்கம் வருவோம். என் குற்றத்தினால் அவர் குற்றம் இல்லாமற் போய்விடாது. நம் பங்கில் கட்டட வேலை செய்யும் சகோதரர்கள் பலர் இருக்கிறார்கள், இது அவர்களுக்கு.

"கூலியைக் குறைத்தார்; வேலையைக் குறைத்தேன்; சரிக்குச் சரி" என்று மனம் சொல்லும். ஒருவன் தனக்கு வர வேண்டிய கடனைத் தானே மறைவாக ஈடு செய்துகொள்ளலாமா என்ற கேள்வியை ஒழுக்க சாஸ்திரம் வெகு காலமாக ஆராய்ந்திருக்கிறது. கடன் சந்தேகமில்லாததாய் இருக்க வேண்டும், கேட்டுப் பெற வேறு வழியே இருக்கலாகாது, மூன்றாம் மனிதனுக்கு நஷ்டம் வரலாகாது என்று கடுமையான நிபந்தனைகள் விதித்திருக்கிறது. மேஸ்திரிக்கு வேறு வழி இருந்தது. "சாமி, 34,000-க்கு முழுச் சுவரும் ஆகாது, பாதிச் சுவரைக் கொத்தி முறையாகப் பூசித் தருகிறேன், மீதியை அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், முழு வேலை செய்ததாகக் காட்டி, குறைந்த வேலையை வர்ணத்துக்குள் மறைத்தார். மறைந்த பழுதினால் வாங்குபவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ வருமானால், விற்பவன் அதைச் சொல்லியே தீர வேண்டும் என்பது அதே அர்ச். தோமாஸின் போதனை. மற்ற எந்தத் தொழிலையும்விடக் கொத்து வேலைக்கு இது பொருந்தும். சமையற்காரன் உப்பைக் குறைத்தால் முதல் கவளத்தில் தெரியும். கொத்தனார் சிமெண்டைக் குறைத்தால் மழை வந்துதான் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டுக்காரன் கொத்தனாருடைய கையை மட்டும் வாடகைக்கு எடுக்கவில்லை; அவருடைய மனச்சாட்சியை நம்பி வீட்டை ஒப்படைக்கிறான்.

நான் இதைச் சொன்னபோது மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார். "சாமியாருகிட்ட முடியாதுன்னு எப்படிச் சொல்றது, சாமி?" என்றார். அந்த வார்த்தை என்னை வெகு நாள் தூங்கவிடவில்லை. "முடியாது" என்று சொல்ல இடங்கொடாதவனும், அதனால் வருகிற பொய்க்குப் பாதி உடந்தை. என் பதவியின் பாரம் அந்தப் பேச்சில் என் பக்கம் தராசில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. உங்களில் உத்தியோகத்திலிருப்பவர்களும், கடன் கொடுத்தவர்களும், ஊரில் பெரிய குடும்பத்தாரும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஏழை நம்மிடம் "சரி" என்று சொல்வதை நாம் அவசரமாக நம்பிவிடலாகாது.

ஆனால் இந்தச் சுவரின் கணக்கில் மிகவும் நஷ்டப்பட்டவர்கள் நானும் அல்ல, மேஸ்திரியும் அல்ல. கூலி நிறுத்திவைக்கப்பட்ட அந்த இரண்டு சித்தாட்கள். அவர்கள் நாங்கள் பேசியபோது அந்த அறையில் இல்லை. 34,000-க்கு அவர்கள் சம்மதிக்கவில்லை. அவர்களை யாரும் கேட்கவுமில்லை. "சம்மதித்தார்களே" என்ற நியாயம் அவர்களிடத்தில் முழுவதுமாக விழுந்துபோகிறது. நான் இழுத்த கயிறு மேஸ்திரியின் கை வழியாகப் போய், கலவைச் சட்டி சுமந்த பெண்களின் கழுத்தில் இறுகிற்று. "அவர்களுக்குக் கூலி கொடுப்பது மேஸ்திரியின் பொறுப்பு, எனக்குத் தெரியாது" என்று நான் சொல்லலாமா? நேரே கூலி கொடாதவர்களாயிருந்தும் கூலியின் நிலையைத் தீர்மானிப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று 2-ம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் 1981-ம் வருஷத்து நிருபத்தில் விளக்கினார். அவர் பெரும்பாலும் அரசாங்கங்களையும் பெரிய நிறுவனங்களையும் மனதிற்கொண்டு எழுதினார். ஆனால் 480 சதுர அடிச் சுவருக்கும் அந்த நியாயம் பொருந்துகிறது.

கூலிக்காரனுடைய கூலியைப் பிடித்துவைப்பது, தேவ நீதியை நோக்கி ஓலமிடும் நான்கு பாவங்களில் ஒன்று என்று ஞானோபதேசத்தில் சிறு வயதிலேயே படித்தோம். ஏழை அதையே நம்பியிருக்கிறபடியால் பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது உபாகமத்தில் உள்ள கட்டளை. நாமோ, அந்தப் பாவத்தைச் செய்கிறவர்கள் பெரிய ஆலை முதலாளிகள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். 700 ரூபாய் கூலியைச் சனிக்கிழமை மாலையில் கொடாமல், "திங்கட்கிழமை வா" என்று சொல்லும் போது, ஞாயிற்றுக்கிழமைச் சோற்றை அந்தக் குடும்பத்தின் இலையிலிருந்து எடுக்கிறோம் என்று எண்ணுவதில்லை.

சித்தாள் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண் கையாளுக்குச் சமமாகச் சுமந்தும், பல இடங்களில் குறைந்த கூலியே பெறுகிறார்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-ம் வருஷத்திலேயே நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று. அதைச் சாக்குச் சொல்லாமல் நிறைவேற்ற ஏற்ற இடம் நம்முடைய வீட்டு முற்றம். அடுத்த முறை மேஸ்திரியிடம் கூலி பேசும்போது, "சித்தாளுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பல அநியாயங்களைத் தடுக்கும்.

"எல்லாம் சரி, சாமி. நாங்களும் கூலிக்குப் போகிறவர்கள்தானே? கூடக் கொடுக்க எங்களுக்கு ஏது?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் கனமானது. இதற்கு என் பதில்: பணம் குறைவானால் வேலையைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள். முழுச் சுவருக்குப் பணமில்லையானால் மழை அடிக்கும் பக்கத்தை மட்டும் இந்த வருஷம் பூசுங்கள். வர்ணம் அடுத்த வருஷம் அடிக்கலாம். வெறும் பூச்சோடு வீடு நிற்பது அவமானமல்ல. ஆள் வேலையில் சிலவற்றை வீட்டிலுள்ள பிள்ளைகள் செய்யலாம். நனைப்பதும், மண் அள்ளுவதும், சாமான் ஒதுக்குவதும் யாருக்கும் இழுக்கல்ல. நம் வறுமையை நாம் சுமப்பது நீதி. அதை நம்மைவிட வறியவன் தலையில் இறக்கிவைப்பது நீதியல்ல.

மனச்சாட்சியை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் போதாது, ஒழுங்கும் வேண்டும். அனேக சண்டைகள் பாவத்தினால் அல்ல, தெளிவில்லாத பேச்சினால் வருகின்றன. ஆகவே சில யோசனைகள் சொல்கிறேன்.

வேலை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சதுர அடி, பழைய பூச்சைக் கொத்துவது உண்டா இல்லையா, சிமெண்டுக்கு எத்தனை பங்கு மணல், பொருள் யார் வாங்குவது, சாரம் யாருடையது, நனைப்பது யார், குப்பை அள்ளுவது யார் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கணக்கை மேஸ்திரியே சொல்லட்டும். வரி வரியாகக் கேளுங்கள். ஒருவர் மற்றவர்களைவிட மிகக் குறைவாகக் கேட்டால் மகிழாதீர்கள். எந்த வரியை அவர் விட்டுவிட்டார் என்று விசாரியுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுத்துவிட்டு ஏங்குவதும் வேண்டாம். முழுப் பணத்தையும் கடைசிவரை பிடித்துவைத்து ஏங்க வைப்பதும் வேண்டாம். வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுங்கள். கொஞ்சம் தொகையை ஒரு மழை கழியும்வரை நிறுத்திவைப்பதாய் இருந்தால், அதை முதலிலேயே சொல்லிச் சம்மதம் பெறுங்கள். அந்தத் தொகை ஆட்களின் கூலியாய் இருக்கக் கூடாது. வேலையில் குறை கண்டால் அன்றைக்கே, மரியாதையாய், வேலைக்காரர் முன்னிலையில் அல்லாமல் தனியாகச் சொல்லுங்கள். குடிக்கத் தண்ணீரும், நிழலில் உட்கார இடமும், பெண்களுக்குக் கழிப்பிடமும் கொடுங்கள். இவை தர்மமல்ல, கடமை.

சாரத்தின் மேல் ஏறுகிறவரின் உயிர் உங்கள் முற்றத்தில் இருக்கிறது என்பதை மறவாதீர்கள். முடிச்சுத் தளர்ந்த சாரத்தில் அவசரத்துக்காக ஏறச் சொல்லாதீர்கள். கட்டட வேலை செய்யும் நம் சகோதர சகோதரிகளும் ஒன்று செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ம் வருஷத்தில் ஏற்பட்டது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். விபத்து நேர்ந்தாலும், பிள்ளைகள் படித்தாலும், வயது முதிர்ந்தாலும் அதனால் உதவி உண்டு. பதிவு செய்யாமலும், செய்ததைப் புதுப்பிக்காமலும் இருக்கிறவர்கள் நம் பங்கிலேயே இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால், அது மிகச் சிறந்த தர்மம்.

1955-ம் வருஷத்தில் 12-ம் பத்திநாதர் பாப்பரசர் மே மாதம் முதல் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். அன்றைக்கு உளியையும் கரண்டியையும் மந்திரித்து, பொங்கலும் கொடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் நசரேத்தூரில் ஒரு தச்சர் கதவு செய்து கொடுத்துவிட்டு, பேசிய கூலிக்காக ஒரு வீட்டு வாசலில் நின்றிருப்பார் அல்லவா? அந்த வீட்டுக்காரர் எப்படி நடந்துகொண்டிருந்தால் நமக்குச் சந்தோஷமாயிருக்கும் என்று எண்ணிப் பார்த்து, அப்படியே நம் வீட்டு வாசலில் நடந்துகொண்டால் போதும்.

அந்த வடக்குச் சுவர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆலோசனைச் சபையில் என் கணக்கையும் மேஸ்திரியின் கணக்கையும் சேர்த்து வாசித்தேன். சிலர் அவரை விலக்க வேண்டும் என்றார்கள். "அப்படியானால் என்னையும் விலக்குங்கள்" என்றேன். அடுத்த மாசியில் அதே மேஸ்திரி வந்து, பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துப் பூசினார். பொருளைப் பங்கு வாங்கிற்று. ஆட்களுக்கு நாள் கூலி நேரே கொடுத்தோம். தம் உழைப்புக்கு அவர் கூலி வாங்கவில்லை. அது அவர் செய்த ஈடு. தண்ணீர் ஊற்றி நனைக்கும் வேலையை 7 நாளும் நானே செய்தேன். அதன்பின் இரண்டு ஐப்பசி மழையை அந்தச் சுவர் தாங்கியிருக்கிறது.

சித்தாட்களின் பாக்கி 2,800 ரூபாயை என் கையிலிருந்து கொடுப்பதென்று தீர்மானித்தேன். ஒருவரைக் கண்டு 1,400 ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "மறந்தே போச்சு, சாமி" என்றார். மறந்திருக்க மாட்டார், என்னை வருத்தப்படுத்த விரும்பவில்லை. மற்றவர் அதற்குள் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். மேஸ்திரிக்கும் அவருடைய விலாசம் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டே இருக்கிறேன். யாருக்குக் கடன்பட்டோமோ அவரைக் கண்டுபிடிக்கவே முடியாதபோது அந்தத் தொகையை ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒழுக்க சாஸ்திரம் அனுமதிக்கிறது. எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அந்த 1,400 ரூபாய் ஓர் உறையில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இந்தப் பங்குக்கு மாறி வந்தபோதும் கொண்டுவந்தேன்.

ஆகவே, கேள்வி கேட்ட தாய்க்கு என் பதில் இதுதான். அம்மா, குறைத்துக் கேட்பது எப்போதும் பாவமல்ல. ஆனால் குறைக்கும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் கையிலிருந்து வருகிறது. அது யார் கையிலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு கேளுங்கள். உங்கள் வீட்டு இழுப்பறையிலும் இப்படி ஓர் உறை இருக்க வேண்டியதோ என்று, இந்த மழைக்கு ஆள் பேசப் போகுமுன், குடும்பத்தோடு உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

உங்கள் அன்புள்ள,
பங்குக் குரு